தூண்டில் நரம்பு

கார்ட்டூனில் அவள் உருமாற நாற்பது நொடி.
ஒளியிலிருந்து ரிப்பன்கள் முளைக்கும்,
கூந்தல் தானே நிறம் மாறித் தானே பின்னிக்கொள்ளும்,
பாதம் தரையில் படாது.
வரைகிறவனுக்கு என்ன,
தரையை வரையாமல் விட்டால் போதும்.

எங்களுக்குத் தரை இருந்தது.
தோச்சிகியில் கைவிட்ட கல்குவாரி,
பிப்ரவரி, காலை ஆறு மணி.
வாடகை போக மிஞ்சிய காசில்
மதியச் சோற்றுப்பெட்டியின் மீன் பாதியாகியிருந்தது.

என் வேலை நீர்நாய்.
மந்திரப் பெண்ணுக்குப் புத்தி சொல்லும் ஊதா நீர்நாய்.
அங்கே அது பறக்கும், கண்ணடிக்கும்,
கோபம் வந்தால் மீசை சிலிர்க்கும்.
இங்கே பஞ்சுப் பொம்மை, இடக்கண் கொஞ்சம் தொங்கல்,
தலையில் தூண்டில் நரம்பு,
நரம்பின் மறுமுனையில் மூங்கில் கழி,
கழியின் மறுமுனையில்
பாறைக்குப் பின்னே குந்தியிருக்கும் நான்.
வசனத்தையும் நானே கத்துவேன்;
நல்ல குரல் பிறகு டோக்கியோவில் வந்து சேரும்.

ரிப்பனுக்கு உகாஜி ஒரு வழி வைத்திருந்தார்.
முதலிலேயே மிஸுஸுவைச் சுற்றிக் கட்டிவிடுவார்.
நாலு பேர் நாலு பக்கமிருந்து உருவுவோம்.
படத்தைப் பின்னோக்கி ஓட்டினால்
ரிப்பன்கள் காற்றிலிருந்து வந்து அவளைத் தழுவும்.
ஆகவே எல்லாவற்றையும் அவள் தலைகீழாய்ப் பழகினாள்:
முதலில் வெற்றிப் புன்னகை,
பிறகு வியப்பு,
பிறகு சும்மா ஒரு பள்ளிக்கூடப் பெண்.
இமைப்பதை மட்டும் மாற்ற வேண்டாம்,
எப்படி ஓட்டினாலும் இமை ஒன்றுதான்
என்று அவளே கண்டுபிடித்தாள்.
குளிரில் வாயிலிருந்து கிளம்பிய ஆவி
பின்னோட்டத்தில் வாய்க்குள்ளேயே திரும்பிப் போனது.
அதை அழிக்கப் பணமில்லை.
பார்த்தால்
குவாரி முழுவதையும் அவள்
ஒரே மூச்சில் உள்ளிழுப்பதுபோல் இருந்தது.

அரக்கன் உடைக்குள் நெமோட்டோ.
ரப்பர், பதினெட்டு கிலோ, முதுகில் ஜிப்.
பூகம்பங்களின் அதிபதி என்று பெயர்,
சரிவில் இறங்க மட்டும் யாராவது கை பிடிக்க வேண்டும்.
அவளே வந்து பிடிப்பாள்,
ஐந்து நிமிடத்தில் அவரைச் சாம்பலாக்கப் போகிறவள்.

பதினொன்றாம் எபிசோடில், பொழுது சாய்கிற நேரம்,
நரம்பு அறுந்தது.
"பயப்படாதே" என்பதற்கும்
"நான் இருக்கிறேன்" என்பதற்கும் இடையில்
நீர்நாய் தலைகுப்புறச் சேற்றில் விழுந்தது.

உகாஜி கட் சொல்லவில்லை.
சொன்னால் மறுபடி எடுக்கச் சூரியன் இல்லை.

மிஸுஸு குனிந்தாள்.
விக் கழன்றுவிடாமல் ஒரு கை தலையில்.
மறுகையால் அதைத் தூக்கி
வெள்ளைக் கையுறையாலேயே மூக்கைத் துடைத்து
(இருந்ததே அந்த ஒரு ஜோடிதான்)
"விழுந்தாலும் பேசு" என்றாள்.
எந்தத் தாளிலும் எழுதாத வசனம்.

பேசினேன்.
குரல் நீர்நாயிடமிருந்து வரவில்லை,
பத்தடி தள்ளி ஒரு பாறையிலிருந்து வந்தது.
அவள் பொம்மையின் கண்ணைத்தான் பார்த்தாள்,
தொங்குகிற அந்த இடக்கண்ணை.

கார்ட்டூனில் அது ஒருமுறையும் விழுந்ததில்லை.
விழுவதற்கு எடை வேண்டுமே.

ஒரு வார இதழ் எழுதியது:
நரம்பு தெரிகிறது, விக் தெரிகிறது,
அரக்கனின் ஜிப் தெரிகிறது.
வாஸ்தவம். ஜிப் எனக்கே தெரிந்தது.

ஏப்ரலில் அகிதாவிலிருந்து ஒரு கடிதம்,
பெயர் எழுத மறந்த யாரோ ஒரு குழந்தை.
ஊதா தீர்ந்துபோயிருக்கும், நீல க்ரேயானில் நீர்நாய்.
இடக்கண் கச்சிதமாய்க் கீழே.
தலையிலிருந்து நேராக ஒரு கோடு,
வாலைப்போல, மீசையைப்போல
அதன் உடம்பில் அதுவும் ஓர் உறுப்பாக,
தாளின் மேல் விளிம்புவரை போய் நின்றிருந்தது.

மேசையில் தாளைப் பரப்பிக்
கோடு முடிந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தேன்.
யாரும் பார்க்கவில்லை.
மெல்ல
ஒருமுறை ஆட்டினேன்.